இடது கையா, வலது கையா?

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். இரண்டு வாசல் உள்ள வீடு. இந்த வாசலில் நுழைந்தாலும் சரி, அந்த வாசலில் நுழைந்தாலும் சரி, போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அது என்ன?

மூக்கா? எல்லாரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் நான் நினைத்த விடை வேறு. 'இடது கையில் போடட்டுமா, வலது கையில் போடட்டுமா?' என்று குழந்தையிடம் நர்ஸ் கேட்கிறாளே, அந்தக் கேள்விதான். எந்தக் கையைக் காட்டினாலும் ஊசி ஊசிதானே!

சிரிக்காதீர்கள், தோள் குலுங்குகிறது. அந்தக் கையை இப்படித் தூக்கிக் கட்டியது யார்? முழங்கையைவிட விரல் தாழ்ந்து தொங்குகிறது. இப்படியே ஊர் போய்ச் சேர்ந்தால் விரல் எல்லாம் வீங்கிவிடும். முடிச்சைக் கழுத்துக்கு இடப்பக்கம் வைக்கட்டுமா, வலப்பக்கம் வைக்கட்டுமா? இடப்பக்கமா? சரி. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அவ்வளவுதான், முடிந்தது.

பார்த்தீர்களா? 'நீ யார், என் கட்டை ஏன் அவிழ்க்கிறாய்' என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை.

நான் யாரென்று சொல்லவில்லை, இல்லையா? என் பெயர் கிருபாவதி. ஒரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து, போன ஆனி மாதம் ஓய்வு பெற்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். அதற்கு முன் பேராசிரியர். அதற்கு முன் நர்சிங் பள்ளியில் ஆசிரியை. எல்லாவற்றுக்கும் முன் நர்ஸ். நர்ஸ் வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தப் பழக்கம் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. விரலை மடக்குங்கள் பார்ப்போம். ம், நகம் சிவப்பாகத்தான் இருக்கிறது, பயமில்லை.

அதோ, பிளாட்பாரக் கோடியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், தொந்தியும் நீலச் சட்டையுமாக ஒருவர் நிற்கிறாரா? அவர் பக்கத்தில் குதித்துக்கொண்டு நிற்கிறதே, அது ஜெமிமா. என் தம்பி எபனேசரின் மகள். நீலச் சட்டைக்காரர் அவளுடைய தாய்மாமன், தாவீது. நாசரேத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். பேக்கரி! போட்டி எப்படி இருக்கிறது பாருங்கள். என் கையில் இருப்பது தெர்மாமீட்டர். அவர் கையில் இருப்பது தேங்காய் பன்.

என்ன போட்டி என்கிறீர்களா? என் தம்பியும் அவன் மனைவி ஹெலனும் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு வருடம். பிள்ளையைக் கூட்டிப்போக வழி இல்லை. அந்த இரண்டு வருடம் ஜெமிமா என் வீட்டில் இருப்பதா, மாமன் வீட்டில் இருப்பதா? எங்கள் இரண்டு பேருக்கும் அவளைக் கூட வைத்துக்கொள்ள ஆசை. "ஒரு வாரம் அத்தை வீட்டுல இருக்கட்டும், ஒரு வாரம் மாமா வீட்டுல இருக்கட்டும். அப்புறம் அவளே சொல்லட்டும்" என்று ஹெலன் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். இரண்டு வாரமும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. என் ரயில் வருவதற்குள் அவள் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றால் என்னோடு திருச்சிக்கு ரயில் ஏறுவாள். இல்லையென்றால் மாமனோடு நாசரேத் பஸ்.

வந்துவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் உத்தியோக காலம் முழுவதும் என்னிடம் 'மாட்டேன்' என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்று சொல்கிறேன், அவர்கள் தண்ணீர் பிடித்து வர நேரம் ஆகும். காப்பி குடிக்கிறீர்களா, டீ குடிக்கிறீர்களா? டீயா? ஏ டீ, இங்கே இரண்டு கொண்டு வா அப்பா.

நான் வேலைக்குச் சேர்ந்தது குழந்தைகள் வார்டில். அங்கே பிலோமினா என்று ஒரு வார்டு சிஸ்டர். முதல் நாள் ஒரு பெண் குழந்தைக்கு ஊசி. நான் குனிந்து, "கண்ணு, ஊசி போட்டுக்கலாமா?" என்று அன்பாகக் கேட்டேன். "வேண்டாம்" என்றது. "போட்டாத்தானே காய்ச்சல் போகும்?" என்றேன். "போக வேண்டாம்" என்றது. காய்ச்சல் போக வேண்டாம் என்று சொன்ன நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏ கிருபா, போடவான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். அது குழந்தைதான், முட்டாள் இல்ல. எந்தக் கைன்னு கேளு."

திரும்பிப் போய்க் கேட்டேன். குழந்தை இடது கையைப் பார்த்தது, வலது கையைப் பார்த்தது, ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு, "அம்மா கையில" என்றது.

வார்டே சிரித்தது. நான் விடவில்லை. "சரி, அம்மாவுக்குப் போட்ட பிறகு உனக்கு எந்தக் கை?" என்றேன். இடது கை நீண்டது. அந்தக் கை நீண்டதே, அந்த நிமிடம்தான் நான் துணைவேந்தரானது. மற்றதெல்லாம் நியமன உத்தரவு.

அதன் பிறகு நான் யாரையும் கட்டாயப்படுத்தியதே இல்லை தம்பி. எல்லாரையும் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறேன். அது என் கொள்கை.

ஒரே ஒரு இடத்தில் பலிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனிதர். பஜ்ஜியை எடுத்து வாயில் வைக்கப் போனார். "கல்யாணத்தை உங்க ஊர்ல வச்சுக்கலாமா, எங்க ஊர்ல வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குத்தான் முடிவெடுக்கத் தெரியவில்லை.

நான் படித்தேன். வேலை பார்த்துக்கொண்டே பட்டம், பிறகு மேல்பட்டம், பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. "நர்சுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்? ஒரே வார்டுல ரெண்டு டாக்டர் எப்படி நிக்கிறது?" என்றார்.

"நீங்க ஜன்னல் பக்கம் நிக்கிறீங்களா, கதவுப் பக்கம் நிக்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் போய் ஜன்னல் பக்கம் நின்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான், தான் ஏன் அங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

என் ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான். தேர்ந்தெடுக்கச் சொன்னால் குழந்தைகளுக்கு ஊசிப் பயம் குறைகிறதா என்பது. குறைகிறது என்று நிரூபித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மடி நிறையக் கேள்வி. வந்ததும் நான் எழுந்து, "ஐயா, கடினமான கேள்விகளை டீக்கு முன்னால கேக்கிறீங்களா, டீக்கு அப்புறமா?" என்றேன். டீக்கு அப்புறம் என்றார். டீயோடு உளுந்து வடையும் வைத்திருந்தேன். டீக்கு அப்புறம் அவர் கேட்ட ஒரே கேள்வி, வடை எந்தக் கடையில் வாங்கியது என்பதுதான்.

டீ ஆறிப்போகிறது, குடியுங்கள். என்ன, நீங்கள் டீயே குடிப்பதில்லையா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

பிறகு பல்கலைக்கழகம். துறைத் தலைவர், புல முதல்வர், கடைசியில் துணைவேந்தர். நியமனச் செய்தி வந்த அன்று இயற்பியல் பேராசிரியர் கோதண்டபாணி வராந்தாவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "நர்சம்மா வந்தாச்சு. இனிமே கூட்டத்துக்கு வந்தா முதல்ல காய்ச்சல் பார்ப்பாங்க."

முதல் கூட்டத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "பேராசிரியர் காய்ச்சல் பார்க்கணும்னு ஆசைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். வாயில வைக்கட்டுமா சார், அக்குள்ல வைக்கட்டுமா?" என்று கேட்டேன். மேசை முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அனிச்சையாக வாயை இறுக மூடிக்கொண்டார். அதுவும் ஒரு தேர்வுதானே.

வார்டில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வேலை மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போவாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, 'இவருக்கு இன்ன வியாதி, இன்ன மருந்து கொடுத்தாயிற்று, இது கொடுக்கவில்லை' என்று ஒப்படைப்பாள். நோயாளி படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் பொய் சொல்ல முடியாது. கொடுக்காத மாத்திரையைக் கொடுத்தேன் என்று சொன்னால், 'எங்கேம்மா கொடுத்தே?' என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

இதை நான் சான்றிதழ்ப் பிரிவில் கொண்டுவந்தேன். காலையில் முதல் வேலையாக நான் சுற்றி வருவேன். சான்றிதழுக்காக அலைகிற மாணவரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பிரிவு அலுவலர் கால்மாட்டில், அதாவது நாற்காலிக்கு எதிரில், நின்று ஒப்படைக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு பெண். மாதக்கணக்கில் அலைகிறாள். அலுவலர் ஆரம்பித்தார். "இந்தப் பிள்ளை... வந்து ரொம்ப நாளாச்சு மேடம். எல்லாம் தயார். ஒரு கையெழுத்து மட்டும் இல்ல."

"யார் கையெழுத்து?"

"வந்து... என்னுதுதான் மேடம்."

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, "அப்ப எனக்கு எப்ப சார் டிஸ்சார்ஜ்?" என்றாள். அங்கேயே போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் தாமதம் என்ற பேச்சே இல்லை. மற்றப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

விடுதி மாணவர்கள் ஒரு தடவை சாப்பாடு சரியில்லை என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். என் வீட்டு வாசலில் பந்தல், கோஷம், தலைவருக்கு மாலை. போலீசைக் கூப்பிடலாம் என்றார் பதிவாளர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். தலைவன் பக்கத்தில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உண்ணாவிரதத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால முடிக்கிறீங்களா, சாப்பிட்டுட்டு முடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

வெயில் நேரம். அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். "நாங்க ஒன்னும் உடனே விட்டுக்கொடுக்க மாட்டோம். சாப்பிட்டுட்டுத்தான் முடிப்போம்" என்றான்.

எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பாடு மாறியதா என்கிறீர்களா? அதைப் பற்றி யாரும் அப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன். அன்றிலிருந்து பிள்ளைகள் எனக்கு 'ஊசியம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாசம்தான். எவ்வளவு பாசம் என்றால், என் தலை தெரிந்ததும் கூட்டமாக நிற்பவர்கள் மரியாதையாகக் கலைந்து போய்விடுவார்கள்.

என் பிரிவு உபசார விழாவில் கோதண்டபாணியே பேசினார். "மேடத்தின் காலத்தில் நான் எத்தனையோ முடிவுகள் எடுத்தேன். ஒன்றாவது நான் எடுத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை" என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எதிரியாக இருந்தவர் எப்படி மனம் மாறிவிட்டார் பாருங்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். சொந்த வீடு, மாடியில் ஒரு அறை, கீழே ஒரு அறை. இரண்டும் காலி. வீட்டு வேலைக்குச் செல்லக்கனி என்று ஒருத்தி வருகிறாள். "முதல்ல பெருக்குறியா, துடைக்கிறியா?" என்று கேட்டால், "பெருக்காம எப்படிம்மா துடைக்கிறது?" என்கிறாள். அவளும் மத்தியானம் போய்விடுவாள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. போன மாதம் ஒரு நாள் பூனையிடம், பாலா, மீனா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஜெமிமாவைக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க முழுக்கக் குழந்தையின் நன்மைக்குத்தான்.

என் வீட்டில் அவள் இருந்த வாரம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு குறை கிடையாது. காலையில், "ஆறு மணிக்கு எந்திரிக்கிறியா, ஆறேகாலுக்கா?" ஆறேகால் என்பாள். "கேழ்வரகுக் கஞ்சியா, கோதுமைக் கஞ்சியா?" சாப்பிடுவாள். "வாய்ப்பாடு முதல்லயா, கையெழுத்து முதல்லயா?" எழுதுவாள். படுக்கை விரிப்பின் மூலையை ஆஸ்பத்திரியில் மடிப்பது போல மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அழகாக மடித்தாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு அடம் இல்லை. தினமும் எழுந்ததும், "இன்னைக்கு என்ன கிழமை அத்தை?" என்று கேட்பாள். அந்த வயதிலேயே நாள் கிழமையில் அவ்வளவு அக்கறை! நான் மகிழ்ந்து போனேன்.

மாமன் வீட்டு வாரம்? மாவு பிசைகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்தாளாம். ஒரு நாள் குளிக்கவில்லையாம். தாவீது இன்று வந்ததும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்! "என்ன மாமா, பிள்ளைக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்றேன். "அவளுக்குப் பசிச்சா வந்து கேப்பா மதினி. பன் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுமே" என்கிறார். இந்த மனிதரிடம் பிள்ளையை விட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்று காலையில் ஹெலன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "மதினி, ஒன்னு சொல்லுதேன், கோவப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அவகிட்ட மாடி ரூமா, கீழ் ரூமான்னு கேக்காதீங்க. வாறியான்னு மட்டும் கேளுங்க."

"ஏன், மாடி ரூமுக்குத்தான் மஞ்சள் வர்ணம் அடிச்சிருக்கேனே?"

"அது இல்ல மதினி. அவ போன்ல என்கிட்ட சொன்னா. 'அம்மா, அத்தை வீட்டுல வேண்டாம்னு சொல்லவே முடியல'ன்னு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் நன்றாக இருந்திருக்கிறது, அதுதானே அர்த்தம்? அப்படித்தான் ஹெலனிடமும் சொன்னேன். "கேட்டுப் பாருங்க மதினி" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் வரும்போது மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாறியா? சின்னச் சொல்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அடுத்தது என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயில் வருவதெல்லாம், இந்த ரயிலா அடுத்த ரயிலா, ஜன்னலோரமா நடுவிலா என்றுதான் வருகிறது. இவ்வளவு வருடத்தில் அப்படி ஒருவரைக் கேட்டதில்லை தம்பி. கேட்டால் 'வேண்டாம்'னுதான் சொல்லும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறாரே.

வந்துவிட்டார்கள். வா ஜெமிமா, தண்ணீர் நிறையப் பிடித்தாயா? வாங்க மாமா, உட்காருங்க. இடம் இருக்கிறது. இந்தத் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன், கையில் அடி பட்டிருக்கிறது.

உங்களைத்தான் கேட்கிறாள், தம்பி. வலிக்கிறதா என்று கேட்கிறாள். சொல்லுங்கள்.

ரொம்ப வலிக்கிறதா? நான் முடிச்சை மாற்றியதிலிருந்தா? என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லையே! நான் கேட்கவில்லையா? கேட்டிருப்பேனே. இருங்கள், தளர்த்திவிடுகிறேன். இங்கேயா, கொஞ்சம் கீழே... சரி, நீங்களே சொல்லுங்கள், எப்படி இருந்தால் வலிக்கவில்லை? அப்படியேவா? அப்படியே விட்டுவிடுகிறேன்.

சிக்னல் விழுந்துவிட்டது. மணியடிக்கிறார்கள், கேட்கிறதா?

ஜெமிமா, இங்கே வா. மாமா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், பன்னை மட்டும் கொஞ்சம் பைக்குள் வையுங்கள். அத்தை ஒன்று கேட்கிறேன், கண்ணு. உனக்கு ஜன்னலோர... இல்லை. இரு. அது இல்லை.

"என்கூட வாறியா?"

கேட்டுவிட்டேன்.

யோசிக்கிறாள். யோசிக்கட்டும், அவசரமில்லை. ரயில் வந்து நின்றாலும் கொஞ்ச நேரம் நிற்கும். மாமனைப் பார்க்கவில்லை பாருங்கள், என்னைத்தான் பார்க்கிறாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். இப்படி நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, தம்பி.

மாமா வீட்டுக்குப் போகிறாளாம்.